குருவியைக் கொன்றது நோயா, லாபமா?

சென்ற மாதம் ஒரு கிளைக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் ஒரு தோழர் எழுந்தார். மில் தொழிலாளி, வேலைநிறுத்தத்தில் அடிபட்டுச் சிறை சென்றவர். வாயில் வருவதை மறைக்கத் தெரியாதவர். அவர் கேட்டார்:

"என்ன தோழர், விலைவாசி தலைக்கு மேலே போகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கூலி ஒழுங்காக வரவில்லை. இந்த நேரத்தில் ஆற்றில் பாதரசம், குருவிக்கு நோய் என்று பேசுகிறீர்கள். இதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேசுகிற பேச்சு அல்லவா? குருவிக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்?"

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேள்வி நேர்மையானது. நம் தோழர்களில் பலர் மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டார். ஆகவே பதிலை அந்தக் கூட்டத்தோடு விட்டுவிடாமல் நம் பத்திரிகையிலும் எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: காட்டிலுள்ள ஜீவனை முதலாளித்துவம் கொல்கிற முறையும், பட்டறையில் தொழிலாளியைக் கொல்கிற முறையும் ஒன்றே. அந்த முறையில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியைச் சிறிது சிறிதாகப் பறித்துவிட்டு முதலாளி ஒதுங்கி நின்றுகொள்கிறான். பிறகு வழியில் போகிற ஏதோ ஒரு நோய் வந்து உயிரைக் கொண்டுபோகிறது. பழி நோயின் தலையில்; லாபம் கம்பெனியின் கணக்கில்! இந்தச் சூழ்ச்சியைப் புரிந்துகொள்ளாதவரை குருவியையும் காப்பாற்ற முடியாது, தொழிலாளியையும் காப்பாற்ற முடியாது.

21 வருஷ லாபம், 100 வருஷ விஷம்

அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தில் வேன்ஸ்பரோ என்று ஓர் ஊர். அதன் ஓரமாக சௌத் ரிவர் என்ற சிறிய ஆறு ஓடி ஷெனன்டோவா நதியோடு சேருகிறது. அந்த ஆற்றங்கரையில் டூபான்ட் கம்பெனி செயற்கைப் பட்டு நூல் செய்யும் ஆலையை நடத்தியது.

டூபான்ட் யார்? 1802ம் ஆண்டு வெடிமருந்துக் கம்பெனியாகப் பிறந்து, முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்து விற்றுக் கொழுத்த குடும்பம். யுத்தத்தில் அடித்த லாபம் பற்றி 1934ல் அமெரிக்க செனட் ஒரு கமிட்டி அமைத்து விசாரித்தபோது, இந்தக் கம்பெனியின் முதலாளிகளையும் வரவழைத்துக் கேள்வி கேட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு அந்த நாட்டு ஜனங்கள் வைத்த பெயர் 'மரண வியாபாரிகள்'.

இந்தப் புண்ணியவான்கள் வேன்ஸ்பரோ ஆலையில் 1929 முதல் 1950 வரை ரசாயன வேலைக்குப் பாதரசத்தை உபயோகித்தார்கள். சிந்தியதும் கசிந்ததும் மண்ணில் இறங்கின. மண்ணிலிருந்து ஆற்றில் இறங்கின. 1950ல் பாதரச உபயோகம் நின்றது. கம்பெனி வேறு சரக்குச் செய்து லாபம் சம்பாதிக்கப் போய்விட்டது. ஆற்றில் இறங்கிய பாதரசம் மட்டும் எங்கும் போகவில்லை.

1970களின் நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. 1977ல் அந்த ஆற்று மீனைத் தின்னாதீர்கள் என்று சர்க்கார் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை இன்றுவரை முழுவதாக நீங்கவில்லை. 'ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்' என்று நம்பி உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள். 1984ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த நதியின் பாதரசத்தை 100 வருஷம் கண்காணிக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கவனியுங்கள் தோழர்களே: லாபம் 21 வருஷம், காவல் 100 வருஷம்! கடைசியில் 2016 டிசம்பரில், நதிக்கும் வனஜீவன்களுக்கும் செய்த நஷ்டத்துக்காகச் சுமார் 5 கோடி டாலர் மதிப்புள்ள நஷ்ட ஈட்டுக்குக் கம்பெனி இணங்கியது. பாதரசம் உபயோகிப்பதை நிறுத்தி அப்போது 66 வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆற்றுக் கரையில் வாழ்ந்த எத்தனை தலைமுறைக் குருவிகள் அதற்குள் வந்து போயிருக்கும்!

சிலந்தி சுமந்த விஷம்

ஆற்றில் விழுந்த பாதரசம் மீனைக் கெடுக்கும், மீனைத் தின்பவனைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. வேன்ஸ்பரோ புதிய செய்தி ஒன்றைச் சொன்னது.

ஆற்றுச் சேற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதுதான் கொடிய வடிவம். உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியேறாது. சிறு பூச்சி அதைத் தின்கிறது. பூச்சியைத் தின்பது அதைவிட அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் விஷத்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. வட்டிக்கு வட்டி போடுகிற லேவாதேவிக்காரன் கணக்குத்தான் இது.

கரையிலுள்ள மரங்களில் வாழும் பாட்டுக் குருவிகள் மீன் பிடிப்பதில்லை. ஆற்றில் வாய் வைப்பதில்லை. அவற்றுக்கு ஆபத்து இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவற்றின் ரத்தத்தைச் சோதித்த விஞ்ஞானிகள், மீன் தின்னும் பறவையின் ரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறக்குறைய அங்கும் பாதரசம் இருப்பதைக் கண்டார்கள். எப்படி வந்தது? குருவி தின்ற இரையைச் சோதித்தார்கள். குற்றவாளி அகப்பட்டது: சிலந்தி! ஆற்று விஷத்தைக் கரைக்குச் சுமந்து வந்ததில் பெரும் பங்கு சிலந்தியுடையது. இந்த ஆராய்ச்சி 2008ல் வெளியாயிற்று.

'எங்கள் கழிவு எங்கள் வேலிக்குள்ளேதான் இருக்கிறது' என்று இனி எந்த ஆலை முதலாளியாவது சொன்னால், சிலந்திக்கு வேலி ஏது என்று கேளுங்கள்.

சங்கத்தை உடைப்பவனின் தந்திரம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆற்றங்கரையில் தகைவிலான் இனத்துக் குருவிகள் கூடு கட்டுகின்றன. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிற சின்னஞ்சிறு குருவி. அவை கொத்தாகச் செத்து விழவில்லை. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தன. கம்பெனியின் வக்கீல் வந்து பார்த்திருந்தால் 'எல்லாம் சௌக்கியமாகப் பறக்கின்றன, கேஸ் தள்ளுபடி' என்று சொல்லியிருப்பார்.

விஞ்ஞானிகள் வேறொரு சோதனை செய்தார்கள். சிவப்புக் காராமணி போன்ற ஒரு பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த புரதத்தைத் துளியளவு குருவியின் இறக்கைத் தோலுக்குள் ஏற்றுவது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். எதிரி வந்துவிட்டான் என்று ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு ஓடிவரும், தோல் வீங்கும். வீக்கம் நன்றாக இருந்தால் காவல்படை விழிப்போடு இருக்கிறது என்று அர்த்தம். வீக்கம் குறைந்தால் படை பலவீனப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 2009ல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு என்ன? பாதரசம் கலந்த கரையில் வாழ்ந்த பெண் குருவிகளுக்கு வீக்கம் குறைவு. சுத்தமான இடத்துக் குருவிகளுக்கு அதிகம். பாதரசம் குருவியைக் கொல்லவில்லை. அதன் காவல்படையின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது!

இது எப்படி நடக்கிறது? பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத பற்று. நம் சித்த வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. ரசமும் கந்தகமும் கூடினால் லிங்கம் என்பதை அவர்கள் நூற்றாண்டுகளாக அறிவார்கள். உடம்பில் வேலை செய்கிற புரதங்கள் பலவற்றில் கந்தகம் உண்டு. பாதரசம் அதில் போய் ஒட்டிக்கொண்டால் புரதம் தன் வேலையை விட்டுவிடுகிறது. ஈயம் வேறொரு வேஷம் போடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் துத்தநாகமும் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. கருங்காலி வேலைக்கு வந்து உட்காருகிறது போல. காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறினால் வருஷக்கணக்கில் வெளியேறாது.

தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. கெட்டிக்கார முதலாளி முதல் நாளே கூலியில் கைவைப்பதில்லை. முதலில் சங்கத்தை உடைக்கிறான். ஒருவனை விலைக்கு வாங்குகிறான், ஒருவனை மாற்றல் செய்கிறான், ஒருவனை வெளியே தள்ளுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஆலை வழக்கம்போல் ஓடுகிறது, சங்கு ஊதுகிறது. ஆனால் எதிர்த்து நிற்கும் சக்தி போய்விட்டது. அதற்குப் பிறகு கூலிவெட்டு வந்தாலும் தாங்காது, கதவடைப்பு வந்தாலும் தாங்காது. எதிர்ப்புச் சக்தி இழந்த குருவியின் கதியும் அதுதான். சங்கம் இருந்தால் விரட்டியிருக்கக்கூடிய சாதாரண நோய், சங்கம் உடைந்த உடம்பில் எமனாகிறது.

கடலிலும் சாட்சி, வயலிலும் சாட்சி

ஒரு குருவியை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கக்கூடும். வேறு சாட்சிகளும் உண்டு.

இங்கிலாந்து, வேல்ஸ் கடலோரங்களில் ஓங்கில் இனத்தைச் சேர்ந்த கடற்பன்றிகள் கரை ஒதுங்குகின்றன. சில, மீன் வலையில் சிக்கியோ அடிபட்டோ சாகின்றன. சில, தொற்று நோயால் சாகின்றன. இரண்டு வகைப் பிணங்களின் ஈரலையும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2001ல் முடிவு வெளியாயிற்று: நோயால் செத்தவற்றின் ஈரலில் பாதரசம் அதிகம், விபத்தில் செத்த ஆரோக்கியமானவற்றின் ஈரலில் குறைவு. ஈயத்திலும் காட்மியத்திலும் இந்த வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் அதே விஞ்ஞானிகள் ஒளிக்காமல் எழுதினார்கள். உண்மையைத் தேடுகிறவன் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. அதனால்தான் அவர்களுடைய பாதரசச் சாட்சியத்துக்கு மதிப்பு.

ஸ்பெயின் தேசத்தில், செவில் நகரத்துக்கு அருகே அஸ்னால்கோயர் சுரங்கம். அதை நடத்தியது போலிடன் என்ற ஸ்வீடன் கம்பெனி. 1998 ஏப்ரல் 25ம் தேதி சுரங்கக் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்தது. ஈயம், துத்தநாகம், ஆர்சனிக், காட்மியம் எல்லாம் கலந்த அமிலச் சேறு லட்சக்கணக்கான கன மீட்டர் குவாடியாமார் ஆற்றில் பாய்ந்தது; வயல்களை மூடியது; ஐரோப்பாவின் பேர்பெற்ற பறவைச் சரணாலயமான தோன்யானாவின் வாசல்வரை வந்தது. பிறகு அந்தப் பிரதேசத்துச் செங்கால் நாரைக் குஞ்சுகளுக்கும் கரும்பருந்துக் குஞ்சுகளுக்கும் அதே தோல் வீக்கச் சோதனை செய்தார்கள். நாரைக் குஞ்சுகளில், ரத்தத்தில் ஈயம் ஏறியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கியிருந்தது. உடனே கொல்லும் அளவு ஈயம் அல்ல. 'இது ஒன்றும் செய்யாது' என்று கம்பெனி டாக்டர்கள் சொல்லக்கூடிய அளவுதான்.

பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரையொட்டிய ஹோபோக்கன் உருக்காலைக்குப் பக்கத்தில் வாழும் பட்டாணிக் குருவி இனத்தையும் சோதித்தார்கள். ஆலைக்கு அருகிலிருந்த குருவிகளின் ரத்தம் அந்நியப் பொருளை எதிர்க்கும் சக்தியில் பின்தங்கியிருந்தது. தூரத்தில் இருந்தவை மேலாக இருந்தன. 2004ல் வெளியான ஆராய்ச்சி இது.

ஆறு, கடல், வயல், ஆலைவாசல், நாலு நாடுகள், ஒரே சாட்சியம்.

"நிரூபணம் எங்கே?"

இவ்வளவையும் சொன்னால் கம்பெனியின் கூலிப் பண்டிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். "பாதரசம்தான் காரணம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபியுங்கள். வைரஸாக இருக்கலாம். குளிராக இருக்கலாம். இரை கிடைக்காமல் இருந்திருக்கலாம்."

கனவான்களே! இந்தப் பாட்டை நாங்கள் எங்கள் சொந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறோம். சங்க வேலையாகச் சுற்றிய காலத்தில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற ஒரு பட்டறையில் வேலை செய்த தோழரை எனக்குத் தெரியும். ஈறு ஓரத்தில் நீலக்கோடு. மணிக்கட்டு தொங்கிப்போய், தேநீர் கிளாஸைக்கூட இரண்டு கையால் பிடிப்பார். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது, 12 நாளில் போய்விட்டார். சர்டிபிகேட்டில் 'நிமோனியா' என்று எழுதினார்கள். அவருடைய மனைவி நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது பட்டறை முதலாளி அந்தக் காகிதத்தைக் காட்டி, "நிமோனியா வந்ததற்கு நான் என்னம்மா செய்வேன்? அது ஆண்டவன் செயல்" என்றார்.

ஈய விஷமும் பாதரச விஷமும் தொழில் நோய்கள் என்று நம் நாட்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அச்சாகியே இருக்கிறது. அதனால்தான் சர்டிபிகேட்டில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நிமோனியாவுக்கு நஷ்ட ஈடு கிடையாது! கதவை உடைத்தவன் ஒருவன்; உடைந்த கதவு வழியாக நுழைந்தவன் மற்றொருவன். நுழைந்தவன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு உடைத்தவனை விட்டுவிடுகிற விசாரணைக்குப் பெயர் நீதியா?

ஏங்கெல்ஸ் 1845லேயே, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய தம் புத்தகத்தில் இதற்குச் சமூகக் கொலை என்று பெயர் வைத்தார். கொலைகாரன் கை தெரியாது, மரணம் இயற்கையானது போலத் தோன்றும், ஆனாலும் அது கொலைதான் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை இன்று குருவிக்கும் நாரைக்கும் நீட்டினால் அதில் ஒரு தவறும் இல்லை.

'நிரூபணம்' கேட்கிறவர்கள் நிரூபணம் கிடைத்தபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடா. சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. 1956ல் மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாவதற்கு முன்பே பூனைகள் பைத்தியம் பிடித்து ஆடிச் செத்தன. காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. மிருகங்கள் முதலில் மணியடித்தன, கேட்பார் இல்லை. 1959ல் கம்பெனி ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் ஹோசோகாவா, ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400ம் நம்பர் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. நிரூபணம் கம்பெனியின் மேஜை மேலேயே இருந்தது! கம்பெனி என்ன செய்தது? முடிவை மூடி மறைத்தது. விஷம் மேலும் 9 வருஷம், 1968வரை கடலில் ஓடியது. நிரூபணம் இல்லாததால் அவர்கள் விஷத்தை விடவில்லை. லாபம் இருந்ததால் விட்டார்கள்.

நம் மலையில் நடந்தது

தூரதேசக் கதையாக மட்டும் இதை முடிக்க முடியாது. நியூயார்க் ராஜ்யத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த வெப்பமானி ஆலையை மூடி, அதன் யந்திரங்களைக் கப்பலேற்றி 1980களில் எங்கே கொண்டுவந்தார்கள்? கொடைக்கானலுக்கு! பழநி மலையின் உச்சியில், பாம்பாறு சோலைக்காட்டின் தலைமாட்டில் பாதரச ஆலை. பாண்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. 2001 மார்ச்சில், ஊர் ஜனங்களும் சுற்றுச்சூழல் ஊழியர்களும் பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. உடல் கெட்ட பழைய தொழிலாளிகள் 591 பேர் 15 வருஷம் போராடி, 2016 மார்ச்சில்தான் ஒரு உடன்பாட்டைக் கண்டார்கள். அந்தப் போராட்டத்துக்கு நம் வணக்கம் உரியது.

ஆனால் சோலைக்காடு யாரிடம் மனுக் கொடுக்கும்? கொடைக்கானலின் பாசியிலும் மரக்கறையிலும் ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் சிலந்தி உண்டு. சிலந்தியைத் தின்னும் குருவி உண்டு. காட்டுமாடும் மலை அணிலும் உண்டு. பாம்பாறு அங்கிருந்து இறங்கிப் பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரையில் விழுகிறது. ஆலை இருந்த மண்ணைச் சுத்தம் செய்வதற்கோ, கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு குறித்தார்கள். போதாது, இன்னும் சுத்தம் வேண்டும் என்று ஊரார் ஆட்சேபித்தார்கள். அமெரிக்காவிலிருந்து துரத்தப்பட்ட யந்திரத்துக்கு இடம் கொடுத்த நாட்டில், சுத்தத்தின் அளவையாவது ஜனங்களைக் கேட்டு நிர்ணயிக்க வேண்டாமா?

இரண்டு ஆட்சேபங்கள்

நம்மைப் பார்த்து விரல் நீட்டுகிறவர்கள் உண்டு. "சோவியத் நாட்டில் உருக்காலைகள் காட்டை அழிக்கவில்லையா?" என்பார்கள். அழித்தன. நோரில்ஸ்கில் நிக்கல் ஆலைப் புகை காடுகளைச் சாகடித்தது. ஊரல் மலைப் பக்கம் ரெவ்டாவில் 1940ல் தொடங்கிய செம்பு ஆலையைச் சுற்றி மண்ணும் பறவையும் கெட்டதை அந்த நாட்டு விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். மறைப்பது நம் வழக்கம் அல்ல. ஆலை சர்க்காருடையது என்பதால் மட்டும் பாதரசம் பாலாகிவிடாது. உற்பத்தி எண்ணிக்கை ஒன்றையே தெய்வமாக வைத்து, தொழிலாளிக்கும் ஊராருக்கும் ஆலைக்குள் எட்டிப்பார்க்கும் உரிமை இல்லாமல் போனால், சிவப்புக் கொடியின் கீழும் தவறு நடக்கும். இது நாம் கற்கவேண்டிய பாடம். ஆனால் கேட்கிறவர்களும் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: 1990களில் நோரில்ஸ்க் தனியார் முதலாளிகளிடம் போயிற்றே, வானம் வெளுத்ததா? 2020 மே மாதத்தில் அந்தக் கம்பெனியின் தொட்டி உடைந்து 20,000 டன்னுக்கு மேல் டீசல் கொட்டியதே, அதுவும் கம்யூனிஸ்டுகள் செய்ததா?

இரண்டாவது ஆட்சேபம், "ஆலையைத் தொந்தரவு செய்தால் வேலை போய்விடும்" என்பது. இது முதலாளி நமக்குள் ஊதிவிடும் விஷப் புகை. கொடைக்கானலைப் பாருங்கள். விஷத்தைச் சகித்துக்கொண்டதால் வேலை நிலைத்ததா? ஆலையும் போயிற்று, உடம்பும் போயிற்று, காடும் கெட்டது. பாதுகாப்புக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் மட்டும் பங்குதாரர்கள் பையில் பத்திரமாக இருக்கிறது. கழிவைச் சுத்தம் செய்யவும், பாதரசம் இல்லாத முறைகளுக்கு மாறவும், கெட்ட மண்ணைச் சீர்செய்யவும் ஆள் தேவை, அதுவும் வேலைதான். சுத்தமான ஆலையில் வேலை வேண்டும் என்பதே நம் கோஷம்.

என்ன செய்யவேண்டும்?

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013ல் கையெழுத்தாயிற்று. 2017ல் அமுலுக்கு வந்தது. இந்திய சர்க்கார் 2018ல் அதை ஏற்றது. காகிதத்தில் ஏற்றதைக் களத்தில் காட்டும்படி நாம் கேட்கவேண்டும். நம் கோரிக்கைகள் இவை:

1. ஈயம், பாதரசம், காட்மியம் கையாளும் ஆலைகளைச் சுற்றியுள்ள மண், நீர், மீன், பறவை ஆகியவற்றைக் காலந்தவறாமல் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும்.

2. எத்தனை செத்தது என்று மட்டும் எண்ணாமல், உயிரோடு இருப்பவற்றின் எதிர்ப்புச் சக்தியையும் சோதிக்கவேண்டும். பாம்பாறு சோலையில் அந்த வேலையைச் செய்து ஜனங்களுக்கு அறிவிக்கவேண்டும்.

3. இந்த ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், காண்ட்ராக்ட் தொழிலாளி உள்பட, ரத்தச் சோதனை செய்து சீட்டை அவர் கையில் கொடுக்கவேண்டும். ஈயத்தில் வேலை செய்தவர் நெஞ்சுச் சளியிலோ காய்ச்சலிலோ இறந்தால், தொழில் காரணம் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதாக இருக்கவேண்டும்.

4. சுத்தம் செய்யும் செலவு முழுவதும் கம்பெனியுடையது. ஆலையை மூடிவிட்டு ஓடினாலும் பொறுப்பு பின்னாலேயே ஓடவேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் கழுவக்கூடாது.

5. சோதனைக் குழுக்களில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் ஊர்க்காரர்களும் உட்காரவேண்டும்.

கிளைத் தோழர்கள் ஒரு காரியம் உடனே செய்யலாம். உங்கள் பகுதியில் பாட்டரி உடைக்கும் பட்டறை, உலோக முலாம் பூசும் பட்டறை, உருக்குலை எங்கே இருக்கிறது, கழிவு எந்த ஓடையில் போகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பட்டறைத் தொழிலாளியோடு பேசுங்கள். ஓடைக்கரையில் ஆடு மேய்க்கிறவரோடும் பேசுங்கள். எந்தப் பறவை முன்பு வந்தது, இப்போது வரவில்லை என்பது எந்த ஆபீசருக்கும் முன்னால் அவருக்குத் தெரியும்.

கிளைக் கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழரிடம் நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மணி இரவு பத்தரை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் மில்லின் சாயக் கழிவு போகிற ஓடையில் முன்பெல்லாம் கொக்கு நிற்கும். இப்போது நிற்பதில்லை. நான் இதை யோசித்ததே இல்லை" என்றார்.

யோசிப்போம், தோழர்களே! சாகிற குருவி நமக்கு முன்னால் சாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நோயின் பெயரை எழுதிக் கணக்கை முடிக்கிற விசாரணையை இனி ஒப்புக்கொள்ள மாட்டோம். கதவை உடைத்தவன் பெயரை எழுது என்று கேட்போம், எழுதும்வரை விடமாட்டோம்!